நீரில்லா ஆற்றின் கரையில்

தஞ்சையிலிருந்து கிழக்கே புறப்பட்டு, சாலியமங்கலம், அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல், நாகப்பட்டினம் என ஊர்களை மாலையாகக் கோத்துக்கொண்டு வேளாங்கண்ணியில் சென்று முடிகின்ற சாலையை இவ்விதழின் வாசகர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டுவதில்லை. உங்களுள் பலர் அதனைக் கால்களாலேயே அறிந்தவர்கள். ஆகஸ்ட் 29-ஆம் நாள் பேராலயத்தில் கொடி ஏறியது முதல், செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழா முடியும்வரை, காவியுடுத்த கூட்டங்கள் இரவும் பகலும் அச்சாலையின் ஓரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். முன்னால் மின்விளக்குகள் சூடிய ஒரு சிறு சப்பரம். பின்னால் செபமாலை சொல்லும் பெண்கள். அவர்களுக்கும் பின்னால், கால் கொப்புளத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு நொண்டி வரும் இளைஞர்கள். தஞ்சையிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் நடந்து வருவோருக்கு முன்னால் அது ஒரு தொலைவே அன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

பேராலயத்தைப் பற்றியும் அன்னையின் அருஞ்செயல்களைப் பற்றியும் எழுதத் தக்கவர்கள் ஏராளமாக எழுதியிருக்கின்றனர். நாங்கள் சொல்ல விரும்புவது சாலையைப் பற்றி. அதிலும் 2017-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், பங்கு மக்கள் 41 பேரோடு நடந்து சென்றபோது அச்சாலையில் எதிர்ப்பட்ட மிகச் சாதாரணமான சில மனிதர்களைப் பற்றி.

அந்த ஆண்டைக் காவிரிப் படுகையில் வாழ்ந்த எவரும் மறந்திருக்க முடியாது. 2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்து போயிற்று. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. மார்ச்சுத் திங்களில் நம் பகுதி உழவர்கள் தில்லிக்குச் சென்று, கைகளில் மண்டையோடுகளை ஏந்தி 41 நாட்கள் வீதியில் அமர்ந்திருந்ததை நாடே பார்த்தது. மேட்டூர் அணை திறக்கப்பட வேண்டிய ஜூன் 12-ஆம் நாள், 2012 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஏமாற்றத்தோடே கடந்து வந்தது; அந்த ஆண்டும் கடந்தது. குறுவை இல்லை. சம்பாவாவது உண்டா என்று கேட்டால், பெரியவர்கள் வானத்தைக்கூடப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்கள்.

எங்கள் பங்கு வெண்ணாற்றுப் பாசனத்தைச் சேர்ந்தது. வறட்சி என்பது பங்குத்தந்தைக்கு வயல்களில் தெரிவதற்கு முன்பே வேறிடங்களில் தெரிந்துவிடும். திருமண ஓலை வாசிப்பது நின்றுபோகும். பூசைக்கு வரும் பெண்களின் காதுகளில் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி இருக்கும். ஆலயத்தின் முன்வரிசையில் முப்பது ஆண்டுகளாக அமர்ந்தவர் கடைசித் தூணருகே போய் நிற்பார்.

அப்படிக் கடைசித் தூணருகே போனவருள் ஒருவர் மூன்று ஏக்கர் நிலமுடைய விவசாயி. ஐம்பதை நெருங்கும் வயது, நல்ல உழைப்பாளி, வாய்ச்சொல் மிகுதியும் இல்லாதவர். கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் 2016-இல் சிறு குறு விவசாயிகளுக்குத் தள்ளுபடியானபோது அவருக்கும் ஆயிற்று. ஆனால் அதன் பிறகு மனைவியின் நகையை அடகு வைத்துப் போட்ட சம்பா கருகிப்போனது. நகை மூழ்கும் தவணை ஒருபுறம், உரக்கடைப் பாக்கி மறுபுறம். உரக்கடை இருக்கும் தெருவைத் தவிர்ப்பதற்காக அவர் ஒரு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வீடு திரும்புவதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். நடைபயணத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவரல்லர், அவருடைய மனைவி. புறப்படுகிற அன்று துணி மூட்டையை அவர் தோளில் மாட்டிவிட்டு, எங்கள் அருகே வந்து, பிறர் காதில் விழாதபடி அந்த அம்மாள் சொன்னது ஒரே வாக்கியந்தான்: "சாமி, அவரை எங்கேயும் தனியா விட்டுடாதீங்க."

அதன் பொருள் எங்களுக்கு விளங்கிற்று. அந்நாட்களில் இந்தப் படுகையின் எந்தப் பங்குத்தந்தைக்கும் அது விளங்கியிருக்கும்.

செப்டம்பர் 4, திங்கட்கிழமை மாலையில் தஞ்சையை விட்டுக் கிளம்பினோம். முதல் இரவின் நடையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒலிபெருக்கி வைத்த வண்டிகள் எங்களைக் கடந்து சென்றன; அன்னையின் பாடல்களைச் சினிமா மெட்டில் கேட்பது எங்களுக்கு என்றுமே உவப்பானதன்று. சாலியமங்கலத்தில் படுத்து, விடியுமுன் எழுந்து மீண்டும் நடந்தோம். வழியில் ஒரு நிலத்துக்காரர் ஆழ்குழாய் மோட்டாரைப் போட்டுவிட்டு, நடப்பவர்கள் எல்லாரும் குளித்துப் போகலாம் என்று வரப்பில் நின்று அழைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு. அவருடைய நாற்றங்கால் அந்தத் தண்ணீருக்காகவே காத்துக் கிடந்தது. குளித்த நீர் வாய்க்காலில் இறங்கி நாற்றுக்குத்தானே போகிறது, நஷ்டம் ஒன்றுமில்லை என்று அவர் கணக்குச் சொன்னார். சவுக்காரம் கரைந்த நீர் நாற்றுக்கு நல்லதன்று என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அம்மாபேட்டையைத் தாண்டிக் கோவில்வெண்ணிக்குப் போகும் வழியில், கீற்றுக் கொட்டகை ஒன்றில் தேநீர்க் கடை. இந்தக் கோவில்வெண்ணிதான் கரிகாலன் வென்ற வெண்ணிப் போர்க்களம் என்று சொல்லப்படுவது. ஆனால் விடிகாலை ஐந்தரை மணிக்கு எங்கள் கூட்டத்தில் எவருக்கும் கரிகாலன் மேல் நாட்டமில்லை. எல்லாருக்கும் தேநீர் வேண்டியிருந்தது. கடைக்காரர் தனியாளாக 41 டம்ளர்களை அடுக்கி ஆற்றிக் கொடுத்தார். கூரைக் கழியில் ஆணியடித்து, நூலில் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்த ஒரு நீள நோட்டு எங்கள் விவசாயியின் கண்ணில் பட்டது. அது என்ன நோட்டு என்று அவரிடம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அட்டை எண்ணெயேறி, ஓரங்கள் சுருண்டு, பக்கங்கள் ஏறத்தாழ முடிந்துபோயிருந்தன.

"இதுல இருக்கிறவங்க எல்லாம் தருவாங்களா?" என்று கேட்டார். புறப்பட்டதிலிருந்து அவர் தாமாகப் பேசிய முதல் சொல் அதுதான் என்று நினைக்கிறோம்.

"தராம எங்கே போயிடுவாங்க? பொங்கல்லேர்ந்து யாரும் தரலை. தண்ணி வந்தா நடவு, நடவு நடந்தா கூலி, கூலி வந்தா எனக்கு வந்துடும். அவங்களுக்கு என்ன, வச்சுக்கிட்டா தராம இருக்காங்க?" என்றவர், பாலை ஆற்றிக்கொண்டே தொடர்ந்தார்: "ஒருத்தர் மட்டும் பாக்கி ஏறிப்போச்சேன்னு கடைப்பக்கம் வர்றதையே நிறுத்திட்டாரு. பத்து நாள் பார்த்தேன். பிறகு வீட்டுக்கே போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். பாக்கி இருந்தா டீ குடிக்கக் கூடாதுன்னு சட்டமா என்ன?"

இதைச் சொன்னவர் எங்கள் நண்பரின் நிலையை அறிந்து சொல்லவில்லை. எதிரே நிற்பவர் யாரென்றே அவர் பார்க்கவில்லை; அவருடைய கண் பால் பாத்திரத்தின் மேல் இருந்தது. நாங்கள் கடந்த பல வாரங்களாக எத்தனையோ திருவசனங்களை எடுத்து அந்த விவசாயியிடம் பேசியிருந்தோம். அவர் ஒவ்வொன்றுக்கும் பணிவோடு தலையசைத்திருந்தார். கடன்பட்டவனுக்கு ஆறுதல் சொல்வோர் எவரும் அவனுக்குக் கடன் கொடுத்தவரல்லர். கடன் கொடுத்த ஒருவரின் வாயிலிருந்து, அதுவும் தம்மைக் குறியாக வைக்காமல் வந்த சொல் என்பதால் அது வேறோர் இடத்தில் போய் இறங்கியிருக்க வேண்டும். தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அந்த நோட்டையே பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

அன்று மாலை நீடாமங்கலத்தை அடைந்தோம். இவ்வூருக்கு அருகே, நெடுஞ்சாலையை விட்டுச் சற்று விலகிச் சென்றால், மூணாறு தலைப்பு என்று வழங்கும் இடமொன்று உண்டு. வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகிறது. தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களின் உழவர்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு புனிதத் தலம் என்றே சொல்லலாம்; மன்னார்குடிப் பக்கத்து வயலுக்கும், கடைமடையில் உப்புக்காற்று வீசும் வயலுக்கும் எவ்வளவு நீர் என்பது அங்கேயுள்ள ஷட்டர்களின் ஏற்ற இறக்கத்தில் முடிவாகிறது. இளைஞர்கள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். ஏழெட்டுப் பேராக நடந்து சென்றோம். மனைவியார் சொன்ன சொல் நினைவிலிருந்தமையால் அந்த விவசாயியையும் உடன் அழைத்துக்கொண்டோம்.

ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. நடுவே சிறுவர்கள் மட்டைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நாணல் பழுத்து நின்றது. மதகின் மேல் பாலத்தில், காக்கிக் கால்சட்டையும் தலையில் துண்டுமாக ஒருவர் மட்டும் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். பொதுப்பணித்துறையின் லஸ்கர். இந்தப் பெயர் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நம் ஆற்றங்கரைகளில் தங்கிவிட்ட பெயர். மதகைக் காப்பதும், ஷட்டரை ஏற்றி இறக்குவதும், கரையில் உடைப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்வதும் அவருடைய வேலை. அருகில் ஒரு தகர டப்பாவில் கிரீஸ். பழைய பனியனைக் கிழித்த துணியால் திருகுத் தண்டின் பற்களிலிருந்து காய்ந்த பழைய பிசுக்கையும் மணலையும் துடைத்தெடுத்துவிட்டு, விரலால் புதிய கிரீஸை அள்ளி ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டு வந்தார். அதில் அவர் காட்டிய பொறுமை, பீடத்து வெள்ளிப் பாத்திரங்களைத் துலக்கும் கன்னியரிடத்தில்தான் நாங்கள் கண்டிருப்பது.

எங்கள் விவசாயி அவரருகே போய் நின்றார். சற்றுக் கசப்போடுதான் கேட்டார்: "ஆத்துல சொட்டுத் தண்ணி இல்லை. யாருக்கு இது?"

லஸ்கர் தலை நிமிரவில்லை. "தண்ணி வர்ற அன்னைக்கு இது இறுகிக் கிடந்துச்சுன்னா, கோரையாத்துக்குப் போக வேண்டியது போகாது. அப்போ போய் கிரீஸ் தேடிக்கிட்டு நிக்க முடியுமா? இந்த மணல் இருக்கே, தண்ணி ஓடுறப்போ ஒண்ணும் பண்ணாது; காயுற காலத்துலதான் பல்லுக்குள்ள போய் உக்காந்துக்கும்."

"எப்போ வரும்?"

"அதை மேட்டூரைத்தான் கேட்கணும். என்னைக் கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன்." அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "சும்மாதானே நிக்கிறீங்க, அண்ணே. அந்தக் கைப்பிடியைக் கொஞ்சம் பிடிச்சுச் சுத்துங்க. ஒரு தடவை ஏத்தி இறக்கிப் பார்த்துடலாம். தனியாளா முடியலை."

எங்கள் நண்பர் மூட்டையைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். இருவருமாகச் சுற்றினார்கள். முதலில் அசையவில்லை, பிறகு முனகியது, பிறகு ஒரு விரற்கடை, இரு விரற்கடையாக ஷட்டர் எழும்பத் தொடங்கிற்று. அடியில் தண்ணீர் இல்லை. மணலில் பதிந்து கிடந்த இரும்பு விளிம்பு விடுபட்டு மேலே வந்தபோது அதன் கீழ் மாலை வெயில் ஒரு கோடாக மறுபக்கம் விழுந்தது. மறுபடி இறக்கினார்கள். அடுத்த ஷட்டர். அதற்கடுத்தது. இளைஞர்கள் உதவிக்கு வந்தபோது எங்கள் விவசாயி விலகிக்கொள்ளவில்லை.

இடையிடையே லஸ்கர் விசாரித்தார். எந்தப் பாசனம், எத்தனை மா, என்ன ரகம். எங்கள் நண்பர் பேசத் தொடங்கினார். நீண்ட காலப் பயிரான சி.ஆர். 1009 இனி இந்த ஆண்டுக்கு ஏறாது; நாற்றுவிட்டு நடுகிற செலவும் தாங்காது; ஆடுதுறை 39 போன்ற மத்திய கால ரகத்தைப் புழுதியிலேயே நேரடியாக விதைத்து வைத்தால், ஒரு மழை விழுந்தால் முளைத்து நிற்கும், தண்ணீர் வரும்போது வரட்டும். பக்கத்து வயல்காரர் அப்படித்தான் செய்யப் போகிறார். விதை மட்டும் கிடைத்தால் தாமும் செய்யலாம். இப்படியெல்லாம் அவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. ஒருவேளை அவருக்கே அப்போதுதான் தெரிந்ததோ என்னவோ. முக்கால் மணி நேரம் பேசியிருப்பார். திரும்பும்போது இரு கைகளிலும் முழங்கை வரை கிரீஸ் ஏறியிருந்தது. மணலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. வேளாங்கண்ணி வரை அது அவரோடே வந்தது.

மறுநாள் புதன்கிழமை, முழுநிலா. திருவாரூரில் பகலின் வெப்பத்தைக் கழித்துவிட்டு இரவில் நடந்தோம். ஓடம்போக்கி ஆற்றிலும் நீரில்லை. நிலா வெளிச்சம் மணலில் விழுந்து நீர் ஓடுவதுபோல் ஏமாற்றிற்று. அடியக்கமங்கலத்தில், பக்ரீத் கழிந்து நான்கு நாட்களே ஆகியிருந்த அந்த இரவில், கடைத்தெருத் திண்ணையில் அமர்ந்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் எங்கள் கூட்டத்தை நிறுத்தி முதலில் நன்றாகக் கடிந்துகொண்டார். நடந்து போகிறவர்கள் பிளாஸ்டிக் குவளைகளைச் சாலையெங்கும் எறிந்துவிட்டுப் போகிறார்கள், மாடு தின்கிறது, வாய்க்கால் அடைக்கிறது என்பது அவருடைய வழக்கு. நியாயமான வழக்கு. கடிந்து முடித்த பிறகு, வீட்டிலிருந்து கொண்டுவரச் செய்த எவர்சில்வர் டம்ளர்களில் எங்கள் அனைவருக்கும் இஞ்சி தட்டிய தேநீர் கொடுத்தார்; குடித்து முடிக்கும்வரை நின்று டம்ளர்களை எண்ணியும் வாங்கிக்கொண்டார். நாகூர்க் கந்தூரிக்கு நடந்து செல்வோரையும் அவர் இதே முறையில்தான் கவனிப்பாராம்.

கீழ்வேளூருக்கு முன்பாக ஒரு சிறு பாலத்தின் கட்டையில் அமர்ந்து கால்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டோம். அங்கே, வழக்கமாகச் சொல்லும் சிற்றுரைக்குப் பதிலாக, திருத்தூதர் பணி நூலின் கடைசி அதிகாரத்தில் பலரும் வேகமாக வாசித்துக் கடந்துவிடும் ஒரு செய்தியை மக்களுக்கு நினைவூட்டினோம். புனித சின்னப்பர் கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்படுகிறார். கப்பல் உடைந்தாயிற்று. மால்த்தாத் தீவில் மூன்று மாதம் தங்கியாயிற்று. புத்தேயோலித் துறையில் கரையேறித் தரைவழியாக வருகிறார். உரோமையிலுள்ள சகோதரர் சிலர் அவர் வருவதைக் கேள்வியுற்று, அப்பியு சந்தை வரைக்கும், மூன்று விடுதி என்ற ஊர் வரைக்கும் எதிர்கொண்டு வந்து நிற்கிறார்கள். அப்பியு சந்தை உரோமையிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். அவர்களைக் கண்டவுடன் சின்னப்பர் இறைவனுக்கு நன்றி செலுத்தினார், துணிவு பெற்றார் என்று புனித லூக்காஸ் எழுதுகிறார்.

நமக்கு வியப்பாயிருப்பது எதுவென்றால், இந்தச் சின்னப்பருக்கு ஆண்டவரே முன்பு ஓர் இரவில் அருகில் நின்று, நீ உரோமையிலும் எனக்குச் சாட்சி சொல்வாய் என்று உறுதி கூறியிருந்தார். புயலின் நடுவில் வானதூதரும் தோன்றியிருந்தார். காட்சியும் வாக்குறுதியும் பெற்ற ஒருவருக்கு, சாலையோரச் சந்தை ஒன்றில் நின்ற நாலைந்து பேரின் முகங்களைக் கண்டபோதுதான் துணிவு வந்தது என்று எழுத லூக்காஸ் தயங்கவில்லை. வந்தவர்களின் பெயரைக்கூட அவர் குறித்து வைக்கவில்லை. அவர்கள் என்ன பேசினார்கள் என்பதும் இல்லை. நடந்து களைத்து, புழுதி படிந்த கால்களோடு, அவர்களும் ஏதோ ஒரு பாலக்கட்டையில் அமர்ந்திருக்கக் கூடும். அத்தனை உயர்ந்த விசுவாசத்துக்கும் இத்தனை சாதாரணமான உணவு தேவைப்பட்டது என்பதில், மறைப்பணியாளராகிய எங்களுக்கு ஒரு தனி ஆறுதலும் உண்டு.

வியாழன் நண்பகல் நாகப்பட்டினத்தைக் கடந்தோம். நாகையைத் தாண்டிச் சாலையோரப் புளியமரத்தடியில் மீன்கூடையை இறக்கி வைத்து இளைப்பாறிய ஒரு பெண்மணி, நேரே எங்கள் விவசாயியைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் தூக்கி விடுங்க" என்றார். அவர் தூக்கிவிட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டிய செயல். ஆனால் அந்த அம்மாள் எங்களோடே சிறிது தூரம் நடந்து வந்தார். 2004 டிசம்பர் 26, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அலை வந்தபோது தம் வீட்டில் இருந்தவர்களில் தாம் மட்டும் மீன் ஏலத்துக்குப் போயிருந்ததால் மிஞ்சியதாகச் சொன்னார். நாகை மாவட்டத்தில் மட்டும் அன்று ஆறாயிரம் பேருக்கு மேல் மடிந்தனர். அந்த எண்ணுக்குள் இந்தக் கூடைக்காரியின் வீடு இருந்தது. இரண்டு மாதம் கடலைப் பார்க்க முடியவில்லையாம். பிறகு ஏன் மறுபடி கூடையைத் தூக்கினீர்கள் என்று எங்கள் இளைஞன் ஒருவன் கேட்டான். கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்கும் துணிவு இளைஞர்களுக்குத்தான் உண்டு. "ஒரு டீச்சரம்மா வந்து, எப்போ மீன் கொண்டு வருவேன்னு கேட்டுச்சு. என்னமோ நான் ஊருக்குப் போயிட்டு வந்த மாதிரி. மறுநாள் எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்" என்றார். கிளைச்சாலை ஒன்றில் திரும்பிப் போய்விட்டார். விடைபெறவில்லை, கூடை சுமப்பவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

மாலையில் வேளாங்கண்ணி. பெரிய தேர் பவனிக்கு முந்திய நெரிசல். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் நேராகக் கடலுக்கு ஓடினார்கள். மீதிப் பேர் நடுத்திட்டுக்கும் மாதா குளத்துக்கும் போனார்கள். இவ்விரு இடங்களுக்குமுரிய மரபுகளை வாசகர்கள் அறிவீர்கள். நடுத்திட்டில் கால் ஊனமுற்ற ஒரு சிறுவன் வழிப்போக்கருக்கு மோர் விற்றுக்கொண்டிருந்தான். அன்னை வந்து தம் குழந்தைக்கு மோர் கேட்டார். குளக்கரையில், நாகையிலுள்ள எசமானர் வீட்டுக்குப் பால் சுமந்து போன சிறுவன் இளைப்பாறினான். அன்னை வந்து பால் கேட்டார். வரலாற்று ஆவணம் தேடுவோர் தேடட்டும். மரபு தன் போக்கில் ஒன்றைக் கவனித்து வைத்திருக்கிறது. இரு கதைகளிலும் அன்னை முதலில் எதையும் கொடுக்கவில்லை. வேலையில் இருந்த ஏழைச் சிறுவரிடம் கேட்டார். நொண்டிச் சிறுவனுக்குத் தன்னிடம் கொடுக்க ஏதோ இருக்கிறது என்பது அப்போதுதானே தெரிந்திருக்கும்! நடந்த குணமும் நிரம்பிய பால்குடமும் அதற்குப் பின்னால் வந்தவை.

எங்கள் விவசாயி நடுத்திட்டில் வெகுநேரம் முழங்காலில் இருந்தார். என்ன வேண்டினார் என்று நாங்கள் கேட்கவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றும்போது அவருடைய நகக்கண்களில் அந்தக் கறுப்பு அப்படியே இருந்ததைக் கண்டோம். ஊர் திரும்பிய அன்று, பேருந்து நிறுத்தத்திலிருந்து எல்லாரும் மூட்டைகளோடு நடந்தபோது, அவர் சுற்றுவழிக்குத் திரும்பவில்லை. உரக்கடைத் தெரு வழியாகவே எங்களோடு வந்தார். கடை வாசலில் நின்றார். உள்ளே போனார். நாங்கள் காத்திருக்கவில்லை, காத்திருப்பது அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று நடையைக் கட்டினோம். மறுநாள் அவர் மனைவி வந்து, கடைக்காரர் சத்தம் போட்டதாகவும், சத்தம் போட்டு முடித்த பிறகு விதைநெல்லுக்கு ஒருவரைச் சொல்லியனுப்பியதாகவும் கூறினார்.

அக்டோபர் 2-ஆம் நாள் மேட்டூர் திறந்தது. புழுதியில் விதைத்தது முளைத்து நின்றது. விளைச்சல் நடுத்தரம், கடைசித் தண்ணீருக்கு மோட்டார்காரரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. நகையில் ஒரு பகுதி மீண்டது. எல்லாம் தீர்ந்ததென்று எழுதினால் பொய்யாகும்.

மறு ஆண்டு, 2018-இல், ஜூலை 19-ஆம் நாளே மேட்டூர் திறக்கப்பட்டு ஆறுகள் நிறைந்து ஓடின. அந்த ஆகஸ்ட் 22-ஆம் நாள் இரவில்தான் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பழைய மதகுகளுள் 9 ஷட்டர்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. படுகை முழுவதும் அதே பேச்சாக இருந்தது. செப்டம்பரில் நாங்கள் மீண்டும் நடந்தோம். நீடாமங்கலத்தில் எங்கள் விவசாயி, யாரும் சொல்லாமலே, மூணாறு தலைப்புக்குத் திரும்பினார். தோளில் துணி மூட்டையோடு இன்னொரு சிறு மூட்டையும் இருந்தது; தை அறுவடையில் கண்ட அரிசி, இரண்டு படி. மூன்று ஆறுகளும் இரைந்துகொண்டிருந்தன. அதே லஸ்கர் அளவுக்கல்லில் நீர்மட்டம் பார்த்து எண்ணை உரக்கச் சொல்ல, மேலே ஒருவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் நண்பர் அரிசியை நீட்டியபோது, இவர் யார் என்பது அந்த மனிதருக்குச் சற்றும் நினைவில்லை.

"கை எல்லாம் கிரீஸ், அண்ணே. சட்டையில பட்டுடப் போவுது. அந்தத் திண்ணையில வையுங்க" என்றார்.